ஆகஸ்ட்டில் கிழக்கிலங்கைக் கடல்: நிலாவெளியா, பாசிக்குடாவா?

நித்யா_சென்னை

ஆகஸ்ட்டில் ஆறு நாள் இலங்கை போகிறோம். நானும் கணவரும், 11 வயதுப் பையன், 6 வயதுப் பெண், கூடவே மாமியார். இங்கே ஒரு ஏஜென்ட் பெந்தோட்டையில் மூன்று இரவு, மிரிஸ்ஸவில் இரண்டு இரவு என்று திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார். நம்ப முடியாத மலிவு. அதுதான் இடிக்கிறது. அலுவலகத் தோழியோ, "ஆகஸ்ட்டில் அந்தப் பக்கம் கடலில் காலே வைக்க முடியாது, கிழக்குக்குப் போ" என்கிறாள்.

வீட்டில் ஆளுக்கொரு ஆசை. மாமியாருக்குத் திருக்கோணேஸ்வரம். கணவர் கோவளத்தில் ஆறு மாதமாக சர்ஃபிங் கற்றுக்கொள்கிறார், அவருக்கு அறுகம்பே. பெண்ணுக்கு நீச்சல் தெரியாது, எனக்கும் தெரியாது. எங்கள் இருவருக்கும் ஆழமில்லாத கடல் போதும். படத்தில் பாசிக்குடா குளம் மாதிரி இருக்கிறது. நிஜமாகவே அப்படித்தானா? நிலாவெளியா பாசிக்குடாவா, யாராவது ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

திருமலையான்

நிலாவெளி. ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன், இனி விளக்கம்.

உங்கள் தோழி சொன்னது சரி. எங்கள் தீவுக்கு இரண்டு மழை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. பெந்தோட்டை, ஹிக்கடுவ, உனவட்டுன, மிரிஸ்ஸ எல்லாம் அதற்கு நேரே முகம் காட்டி நிற்கின்றன. கடல் கொந்தளிக்கும், பல நாள் சிவப்புக் கொடி பறக்கும். விலை மலிவாக இருப்பதன் இரகசியம் அதுதான். மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்ப்பதும் டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரைதான். டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று; அப்போது கிழக்கில் மழை, வெள்ளம், கலங்கல் கடல். ஆகஸ்ட்டில் எல்லாம் தலைகீழ். மலைநாடு மழையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எங்களுக்கு வெயிலும் அமைதியான கடலும் வந்து சேரும். ஆகவே ஏஜென்ட் கதையை விடுங்கள்.

திருமலையில் தங்கினால் (திருப்பதித் திருமலை இல்லை அக்கா, நாங்கள் திருகோணமலையை அப்படித்தான் சொல்வோம்) உங்கள் மாமியார் காலையில் கோணேசரைக் கும்பிடலாம், நீங்கள் பத்து மணிக்கு உப்புவெளியில் குளிக்கலாம். உப்புவெளி ஊரிலிருந்து சில கிலோமீட்டர், நிலாவெளி இன்னும் கொஞ்சம் வடக்கே. அங்கிருந்து புறாத்தீவுக்குப் படகு. கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் பக்கத்தில்தான். பாசிக்குடாவில் விடுதிக் கதவைத் திறந்தால் கடல், மூடினால் அறை. வேறு என்ன இருக்கிறது?

முன்மேசை

நான் பாசிக்குடாவில் ஒரு விடுதியில் முன்மேசையில் வேலை செய்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கண்டுபிடித்ததுபோல் எழுத வேண்டாம். விடுதியின் பெயர் சொல்ல மாட்டேன்.

அக்கா, படத்தில் பார்த்தது உண்மை. குடா குதிரை லாடம் மாதிரி வளைந்திருக்கும். வாயில் பவளப் பார், அலை அங்கேயே உடைந்துவிடும். உள்ளே வருவது சலசலப்பு மட்டும். உங்கள் மகளுக்கு முழங்கால் அளவு இருக்கும் இடத்திலிருந்து இடுப்பளவு வருவதற்கு நீங்கள் நடந்து நடந்து களைத்துவிடுவீர்கள். போன மாதம் ஒரு பாட்டி சேலையோடு தண்ணீருக்குள் சப்பணம் போட்டு உட்கார்ந்து, பேத்திக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். கடலுக்குள்! நிலாவெளியில் இதைச் செய்ய முடியுமா என்று திருமலை அண்ணாவிடம் கேளுங்கள். அங்கே திறந்த கடல். சில இடத்தில் கரை சட்டென்று இறங்கும்.

நீச்சல் தெரியாதவர்களுக்கு பாசிக்குடா. இதில் பட்டிமன்றமே தேவையில்லை.

கல்குடாக்காரன்

பட்டிமன்றம் தேவைதான்.

அக்கா, பாசிக்குடாவுக்கு வாருங்கள், நானே வரச் சொல்கிறேன், என் ஊர் பக்கத்துக் கல்குடா. ஆனால் எங்கே வருகிறீர்கள் என்று தெரிந்து வாருங்கள். பாசிக்குடா இப்போது ஊர் இல்லை. அது ஒரு வரிசை. தெருவில் நின்று பார்த்தால் மதில், வாசல், காவலாளி; அடுத்த மதில், வாசல், காவலாளி. குடா முழுக்க அந்த மதிலுக்குப் பின்னால். விடுதி வண்டியில் உள்ளே போய், விடுதி வண்டியில் வெளியே வந்து, இடையில் ஒரு தேத்தண்ணிக் கடையைக்கூடப் பார்க்காமல் "கிழக்கிலங்கை போனேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். ஊர் எங்கே என்று கேட்டால், வாழைச்சேனையில் இருக்கிறது, ஓட்டமாவடியில் இருக்கிறது, கல்குடாவில் இருக்கிறது. உங்கள் அறை ஜன்னலிலிருந்து எதுவும் தெரியாது.

திருமலை அப்படி இல்லை. அங்கே ஊரும் கடலும் ஒன்றாகவே இருக்கின்றன. அந்த ஒரு விஷயத்தில் திருமலையானோடு ஒத்துப்போகிறேன். மற்றபடி அவர் எழுதுவது விளம்பரம்.

முன்மேசை

கல்குடா அண்ணாவுக்கு விடுதி என்றாலே ஆகாது. நானும் வேற்றூர்க்காரன் இல்லை, என் வீடு பேத்தாழையில். இந்த வேலைக்கு முன்னால் நான் கட்டாருக்குப் போக முகவருக்குக் காசு கட்டிக் காத்திருந்தவன். இப்போது மாலையில் வீட்டுக்குப் போய் அம்மா கையால் சாப்பிடுகிறேன். எங்கள் சமையற்கட்டில், தோட்டத்தில், துணி வெளுக்கிற இடத்தில் நிற்கிறவர்களில் பாதிப்பேர் சுற்றுவட்டாரம். மதில் கண்ணுக்குத் தெரிகிறது, சம்பளம் தெரியவில்லையா?

கடற்கரை அரச நிலம். யாரும் யாரையும் நடக்கக் கூடாது என்று சொல்ல முடியாது. பொதுக் கரைக்குத் தனி வழி இருக்கிறது, வாகனம் நிறுத்த இடமும் கடைகளும் இருக்கின்றன. போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில் வந்து பாருங்கள், பொலன்னறுவையிலிருந்தெல்லாம் பஸ் பிடித்து வந்து குளிக்கிறார்கள். கொட்டுகிற மேளமும் ஆட்டமும் நாள் முழுக்க ஓயாது. "குடா முழுக்க மதிலுக்குப் பின்னால்" என்பது கொஞ்சம் அதிகம்.

அலைச்சறுக்கி

யாரும் கணவரைப் பற்றிப் பேசவில்லையே! சகோதரி, நானும் கோவளத்தில் பலகை பிடித்தவன்தான். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை அறுகம்பேயில் வலது பக்கமாக உடைந்து ஓடும் அலை, நின்றால் நீண்ட தூரம் கொண்டுபோகும். முனையலை உள்ளூர் ஆட்களுக்கும் தேர்ந்தவர்களுக்கும். உங்கள் கணவர் போன்ற ஆறு மாதக்காரருக்கு உள்ளே ஒதுங்கிய சின்ன அலை இருக்கிறது. கொஞ்சம் வடக்கே விஸ்கி பாயின்ட், தெற்கே பீனட் ஃபார்ம். பொத்துவில் களப்பில் (காயலில்) காலையில் படகு போகலாம், முதலையும் சிலநேரம் யானையும் பார்க்கலாம். முழுப் பயணத்தையும் அங்கேயே போடுங்கள். பாசிக்குடாவில் அலையே இல்லை, அது கடல் என்று யார் சொன்னது?

திருமலையான்

கடல் என்று அதன் உப்பு சொல்கிறது.

தம்பி, 6 வயதுப் பிள்ளை, நீச்சல் தெரியாத தாய், கோயில் பார்க்க வரும் பெரியவர். இவர்களை அறுகம்பேயில் என்ன செய்யச் சொல்கிறீர்? நாலு பேரும் ஒருவர் பலகையில் நிற்பதைப் பார்த்துக் கைதட்டவா? மட்டக்களப்பிலிருந்தே அது நூறு கிலோமீட்டருக்கு மேல். திருமலையிலிருந்து ஒரு முழு நாள் ஓடும். கணவரைத் தனியாக ஒருமுறை அனுப்புங்கள் அக்கா, நண்பர்களோடு போகட்டும்.

அலைச்சறுக்கிக்கு ஒரு தகவல். உள்ளூர்ச் சனத்துக்கு அந்த ஊர் உல்லை. சர்ஃபிங் பலகை வருவதற்கு முன்பே அந்த வழியில் காவி வேட்டி போனது. பாணமை தாண்டி உகந்தை முருகன், அங்கிருந்து காட்டுக்குள் கால்நடையாகக் கதிர்காமம். யாழ்ப்பாணத்திலிருந்தே நடந்து வருபவர்கள் இருக்கிறார்கள். உங்கள் மாமியாரிடம் இதைச் சொன்னால் அவரே அறுகம்பேக்குக் கட்சி மாறினாலும் மாறுவார், கவனம்.

நித்யா_சென்னை

சொல்லிவிட்டேன், மாறிவிட்டார். பிறகு காட்டுக்குள் நடக்க வேண்டும் என்றதும் திரும்பக் கோணேசருக்கே வந்துவிட்டார்.

இரண்டு சந்தேகம். மாமியார் சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. பாசிக்குடா விடுதியில் பட்டினி கிடப்பாரா? இன்னொன்று, ஒரு தளத்தில் "ஆகஸ்ட்டில் கச்சான் கடுமையாக இருக்கும்" என்று எழுதியிருந்தது. அது என்ன, நோயா?

கல்குடாக்காரன்

காற்று அக்கா, காற்று! மேற்கிலிருந்து, தரை வழியாக, மலையைத் தாண்டி வரும்போது ஈரமெல்லாம் போய் அடுப்பு வாய் மாதிரி வீசும். நிலக்கடலைக்கும் எங்களுக்குக் கச்சான்தான் பெயர், ஆகவே "கச்சான் சுடுகிறது" என்றால் எது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அலைச்சறுக்கி சொல்லும் பீனட் ஃபார்மைக் கச்சான் தோட்டம் என்று எழுதிப் பாருங்கள், வேறு கடற்கரைபோல் இருக்கும்.

பகிடியை விடுவோம். கச்சான் வீசும்போது கிழக்குக் கடல் கரையோரம் தட்டையாகப் படுத்துவிடும், காற்று கரையிலிருந்து கடலுக்குத் தள்ளுவதால். பார்க்க இன்னும் குளம் மாதிரி இருக்கும். ஆபத்தும் அதில்தான். காற்றடைத்த வளையம், மெத்தை, வாத்து பொம்மை எதிலும் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள். நாம் கைபேசியைப் பார்த்து நிமிர்வதற்குள் அது பார் பக்கம் போய்விடும். ஒருமுறை என் அண்ணன் தோணியில் போய், ஒரு பிளாஸ்டிக் அன்னத்தையும் அதன் மேல் அழுதுகொண்டிருந்த இரண்டு பிள்ளைகளையும் கூட்டி வந்தான். தாய் தகப்பன் அதுவரை நீச்சல் குளத்தருகே இருந்தார்கள். ஆழமில்லை என்ற நம்பிக்கைதான் பாசிக்குடாவில் ஆளைக் கெடுப்பது.

முன்மேசை

இதில் கல்குடா அண்ணா சொல்வது நூற்றுக்கு நூறு. நாங்களும் விருந்தாளிகளிடம் சொல்கிறோம், கேட்பவர் குறைவு.

சாப்பாட்டுக்கு: முன்கூட்டிச் சொன்னால் பெரும்பாலான விடுதிகளில் சைவம் சமைப்பார்கள். ஆனால் ஒரே அகப்பை, ஒரே எண்ணெய் என்று யோசிப்பவரானால் கஷ்டம். காலையில் இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல் சொல்லுங்கள். சம்பலில் மாசி வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். மாசி என்றால் மீன், உலர்த்திப் பொடித்தது. இந்தியாவிலிருந்து வருபவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள்.

திருமலையான்

திருமலையில் சைவக் கடை தேடி அலைய வேண்டாம், ஊருக்குள்ளேயே இருக்கிறது. வடை, தோசை, சூடான பால்தேத்தண்ணி. புள்ளி எனக்கு.

ஸ்கார்பரோ_மாமா

இந்தக் கதையை வாசிக்க வயிறெரிகிறது. எங்கள் காலத்தில் கல்குடாவுக்குப் பள்ளிக்கூடச் சுற்றுலா போனோம், புகையிரதத்தில். கல்குடா என்றே ஒரு நிலையம் இருந்தது, இறங்கினால் மணல். அப்போதும் அங்கே விடுதிகள் இருந்தன. வெள்ளைக்காரர் வருவார்கள், ஒருவரும் ஒருவரையும் தடுக்கவில்லை. பனையோலைப் பெட்டியில் புளிச்சோறு கட்டிக்கொண்டு போய்க் கரையில் இருந்து சாப்பிட்டோம். அந்தப் பாசிக்குடா செத்துவிட்டது. இப்போது போகாதேங்கோ பிள்ளை. பார்த்தால் மனம்தான் நோகும்.

முன்மேசை

மாமா, உங்கள் பாசிக்குடா செத்ததற்கு எங்கள் மதில் காரணமில்லை. அந்தப் பழைய விடுதிகள் போரில் கூரையில்லாமல் நின்றதைப் பார்த்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். சுவர் இருந்தது, உள்ளே ஆட்டுப் புழுக்கை இருந்தது. 2009-க்குப் பிறகு வந்தவைதான் இப்போதுள்ளவை. நீங்கள் கனடாவிலிருந்து வந்து நோக வேண்டிய மனம் இருபத்தைந்து வருடம் முன்பே நொந்திருக்க வேண்டும். கோபமாக எழுதவில்லை. ஆனால் "போகாதேங்கோ" என்று நீங்கள் எழுதினால் எனக்கு ஓர் அறை காலி.

ஸ்கார்பரோ_மாமா

சரி தம்பி. வாயை மூடுகிறேன்.

கல்குடாக்காரன்

மாமாவை வாயடைக்கச் செய்தது போதும், என்னிடம் வா தம்பி.

நீ சொன்ன சம்பளக் கணக்கை நான் மறுக்கவில்லை. என் தங்கை மகனும் ஒரு விடுதியில்தான் வேலை. எனக்கு உள்ள வழக்கு வேறு. அப்பாவின் வாடி பாசிக்குடாக் கரையில் இருந்தது. நாலு கம்பு, தென்னங்கிடுகுக் கூரை, உள்ளே வலை, ஒரு மண்ணெண்ணெய் விளக்கு, தூங்க ஒரு பாய். 2004 டிசம்பர் 26 காலையில் அது போனது. அதோடு போனவர்களை இங்கே எழுதவில்லை. அப்புறம் வந்தது அளவுநாடா. வடக்கிலும் கிழக்கிலும் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் கட்டக் கூடாது என்றார்கள். தெற்கில் 100 மீட்டர். எங்கள் கடல் என்ன, இரண்டு மடங்கு நீளமாகவா ஓடி வந்தது? எங்களை உள்ளே அனுப்பினார்கள். கடல் எப்படி இருக்கிறது என்று பார்க்க அப்பா சைக்கிள் மிதித்து வர வேண்டியிருந்தது. மீன்காரன் கடலைப் பார்க்காமல் எப்படித் தொழிலுக்கு இறங்குவது? இன்று அதே கரையில், படுக்கையில் கிடந்தபடி கடலைப் பார்க்க அறைக்கு ஒரு விலை.

முன்மேசை

அண்ணா, அந்த 200 மீட்டர் விதியைக் கொஞ்ச காலத்திலேயே தளர்த்திவிட்டார்கள். விடுதிகள் எழும்பியது வருடங்கள் கழித்து. இரண்டையும் ஒரே நாளில் நடந்ததுபோல் எழுதினால், மீனவனைத் துரத்திவிட்டு மறுநாளே விடுதி கட்டினார்கள் என்று சென்னை அக்கா நினைப்பார்.

கல்குடாக்காரன்

சரி, மறுநாள் இல்லை. ஒத்துக்கொள்கிறேன், வருடக் கணக்கில் நீ சொல்வது சரி. ஆனால் விதி தளர்ந்தபோது வாடி திரும்பி வந்ததா என்று கேள். தோணி ஏற்றும் இடம் குடாவின் ஓர் ஓரத்துக்குச் சுருங்கியது. நடுவில் தோணி நின்றால் படத்துக்கு அழகு என்று விருந்தாளி சொல்வார். வலை காய்ந்தால் நாறுகிறது என்பார். நான் கேட்பது இடிக்கச் சொல்லி இல்லை. மதிலுக்கு மதில் இடையே ஒரு வண்டி போகிற அகலத்தில் வழி, அதில் மீன் கூடையும் போகட்டும், உன் விருந்தாளியும் ஊருக்குள் நடந்து வரட்டும்.

முன்மேசை

அதற்கு எனக்கு மறுப்பில்லை. மாலை ஆறு மணிக்கு "ஊரில் பார்க்க என்ன இருக்கிறது" என்று கேட்பவர்களுக்கு நான் கையைக் காட்ட ஒரு தெரு இல்லை. எங்களுக்கே அது நட்டம்தான்.

உப்புவெளி_அக்கா

திருமலையான் இங்கே தனியாக மாலை போட்டுக்கொண்டு நிற்கிறார், அதைக் கொஞ்சம் கழற்றிவிட்டுப் போகிறேன். எங்கள் குடும்பம் உப்புவெளியில் நாலு அறையை வாடகைக்கு விடுகிறது. என் மாமனார் கரைவலைச் சம்மாட்டி, அதாவது வலையின் சொந்தக்காரர்.

முதலில் புறாத்தீவு. 2003-லிருந்து அது தேசியப் பூங்கா, உள்ளே போகக் கட்டணம், வெளிநாட்டவருக்கு நல்ல கூடுதல். வெள்ளைக்காரன் காலத்தில் பீரங்கிப் பயிற்சிக்குக் குறிவைத்த தீவு. பீரங்கி செய்ததைவிட இப்போது கால்கள் செய்வது அதிகம். முழங்கால் தண்ணீரில் பவளத்தின் மேலேயே நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். மூச்சுக்குழாய் மாட்டத் தெரியாதவர் பதறிப்போய்க் காலூன்றுவது பவளத்தின் தலையில்தான். நித்யா, நீங்களும் சின்னவளும் அங்கே தண்ணீரில் இறங்க வேண்டாம். பையனுக்கு நீச்சல் தெரிந்தால் உயிர்காப்பு அங்கியோடு, காலை முதல் படகில் போகட்டும். கரும்புள்ளிச் சுறாக்குஞ்சு வந்தால் பயப்பட வேண்டாம், அது அவனுக்குப் பயப்படும்.

அடுத்தது டொல்பின் படகு. பத்துப் பதினைந்து படகு சேர்ந்து நாலு டொல்பினைத் துரத்துவது சுற்றுலா இல்லை. திமிங்கிலம் எங்கள் பக்கமும் வரும், கரைக்குக் கிட்டவே கடல் பாதாளமாக இறங்குவதால். ஆனால் துரத்தாத படகோட்டியா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.

அப்புறம் கோட்டை மான்கள். கோணேசருக்குப் போகும் வழியில் நிற்கும். படத்தில் அழகு. கிட்டப் போய்ப் பார்த்தால் வாயில் சொப்பிங் பை. பிள்ளைகள் பிஸ்கட் கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, நானும் திருமலைக்குத்தான் வோட்டு. காரணம் ஒன்றுதான்: காலையில் கரைவலை. இரண்டு முனையிலும் கயிறு, ஒவ்வொரு முனையிலும் பத்துப் பதினைந்து பேர், பின்னால் சாய்ந்து, குதிகாலை மணலில் ஊன்றி, அம்பாப் பாட்டுப் பாடிக்கொண்டே இழுப்பார்கள். வலையின் மடி கரையைத் தொடும்போது தண்ணீர் கொதிக்கிற மாதிரி இருக்கும். சூடையும் நெத்தலியும் துள்ளும். காகம், நாய், வியாபாரி, சைக்கிளில் பெட்டி கட்டியவர், எல்லோரும் ஒரே நிமிடத்தில் வந்துவிடுவார்கள். பிள்ளைகள் கயிறு பிடிக்கக் கேட்டால் மாமனார் பிடிக்க விடுவார். பிடித்த கைக்கு ஒரு மீன், அது வழக்கம். உங்கள் மாமியார் தள்ளி நின்று மூக்கைப் பொத்திக்கொள்ளட்டும்.

திருமலையான்

மாலையைக் கழற்றியதற்கு நன்றி அக்கா, கழுத்து வலித்தது. மான் விஷயம் உண்மை, வெட்கம்தான்.

ஆனால் கோணேசரைப் பற்றி யாரும் எழுதவில்லை. சம்பந்தர் பாடிய கோணமாமலை. போர்த்துக்கீசர் 17ஆம் நூற்றாண்டில் இடித்து, அந்தக் கல்லையே கோட்டைக்கு எடுத்தார்கள். மீதிக் கல் கடலுக்குள். 1956-ல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் முக்குளித்துப் பார்த்துப் படமெடுத்தார்கள். இப்போதுள்ள கோயில் மறுபடி கட்டியது. பக்கத்தில் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவு, எட்டிப் பார்த்தால் தலை சுற்றும், சின்னவளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மாலைப் பூசைக்குப் போனால் வெயிலும் இருக்காது, கூட்டம் கலைந்து இறங்கும்போது டச்சுக் குடாவில் ஊர்ச் சனம் கச்சான் கொறித்துக்கொண்டு இருக்கும். காற்று இல்லை அக்கா, கடலை.

அலைச்சறுக்கி

பாலம் எல்லாம் வந்துவிட்டதே, ஒரே பயணத்தில் திருமலை, பாசிக்குடா, அறுகம்பே மூன்றையும் முடிக்கலாம். கூகுள் அப்படித்தான் காட்டுகிறது.

கல்குடாக்காரன்

கூகுளுக்கு 6 வயதுப் பிள்ளை இல்லை.

பாலம் வந்தது உண்மை. முன்பு திருமலையிலிருந்து மட்டக்களப்புக்குக் கரையோரமாகப் போவதென்றால் இடையிடையே "பாதை" ஏற வேண்டும். எங்களுக்குப் பாதை என்றால் தெரு இல்லை, வாகனத்தையும் ஆளையும் ஏற்றிக் கயிறு பிடித்து இழுக்கும் தெப்பம். 2009-ல் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள், 396 மீட்டர். பிறகு மற்றவையும் வந்தன. இப்போது மூதூர், வெருகல், வாகரை வழியாகப் பாசிக்குடாவுக்கு மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். வழியில் பனிச்சங்கேணியில் நிறுத்துங்கள். ஒரு பக்கம் களப்பு, ஒரு பக்கம் கடல், விடுதியும் இல்லை மதிலும் இல்லை. குளிக்க வேண்டாம், பார்த்துவிட்டு வாருங்கள். அதற்குத் தெற்கே அறுகம்பேயையும் சேர்த்தால் ஆறு நாளும் வானுக்குள்தான் போகும்.

நித்யா_சென்னை

முடிவு பண்ணிவிட்டோம். ஏஜென்டுக்கு வேண்டாம் என்று சொல்லியாயிற்று. (அவர் "கிழக்கில் என்ன மேடம் இருக்கு" என்றார். இந்த உரையாடலை அப்படியே அனுப்பலாமா என்று நினைத்தேன்.)

கொழும்பில் இறங்கி வேன். முதல் மூன்று இரவு உப்புவெளி. அடுத்து கரையோரமாகவே வந்து இரண்டு இரவு பாசிக்குடா. கணவருக்கு அறுகம்பே அடுத்த வருடம், நண்பர்களோடு. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார், கரைவலைக் கயிறு இழுக்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கடைசிக் கேள்வி முன்மேசைக்கும் கல்குடாக்காரருக்கும் சேர்த்து. பாசிக்குடாவில் எத்தனை மணிக்குக் குளித்தால் நல்லது? மதிலுக்கு வெளியே ஒருமுறையாவது நடக்க வேண்டும், எந்தப் பக்கம்?

முன்மேசை

காலை ஆறரைக்கு இறங்குங்கள் அக்கா, கச்சான் எழும்ப முன்னால். ஒன்பதுக்கு மேல் மணல் சுடும், பிள்ளைக்குச் செருப்பு வேண்டும். மிதவை வேண்டாம், அது முடிந்த கதை. எந்த விடுதியில் தங்கினாலும் கரையில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடக்கலாம், யாராவது தடுத்தால் இது பொதுக் கரை என்று தமிழிலேயே சொல்லுங்கள்.

கல்குடாக்காரன்

தோணிகள் நிற்கிற ஓரத்துக்கு நடந்து வாருங்கள். அங்கிருந்து கல்குடாக் கரைக்குப் போக வழி சொல்வார்கள். அந்தக் கடல் திறந்த கடல், குளிக்க வேண்டாம். மீன் விற்கிற இடத்துக்கு எதிரே ஒரு தேத்தண்ணிக் கடை, ஏழு மணிக்குத் திறப்பார்கள். பிளேன்ரீக்கு (பால் இல்லாத தேத்தண்ணி) சீனி கையில் கொடுப்பார்கள், நக்கி நக்கிக் குடிக்க வேண்டும். மாமியாருக்கும் ஆகும், அதில் மாசி இல்லை.

முன்மேசை

அந்தக் கடையில் நானும் ஏழரைக்கு நிற்பேன், இரவு வேலை முடித்து. கல்குடா அண்ணாவின் கணக்கில் குடிக்கலாம்.

கல்குடாக்காரன்

வா, உனக்கும் சேர்த்துச் சொல்கிறேன். சம்பளம் வாங்குகிறவன் நீ, காசு நீதான் கொடுக்க வேண்டும்.